கேம்பர் வேனில் இரண்டாவது பேட்டரி: வயரிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிராவலர், ஈகோ, பழைய ஆம்னி என்று எதையாவது வாங்கி, பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுக்கை செய்கிறவர்கள் இப்போது நிறைய. தச்சு வேலையை அருமையாக முடித்துவிடுகிறார்கள், கரண்ட் விஷயம் வந்ததும் எல்லோரும் ஒரே கேள்விகளோடு வந்து நிற்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். வண்டி 12 வோல்ட் என்று வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன், 24 வோல்ட்டுக்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

வண்டியில ஏற்கெனவே ஒரு பேட்டரி இருக்கே, இன்னொண்ணு எதுக்கு?

இருக்கிற பேட்டரி செல்ஃப் அடிப்பதற்காகச் செய்தது. சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ள வேண்டும், இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் உடனே நிரம்பிக்கொள்ள வேண்டும், அதன் வேலை அவ்வளவுதான். உள்ளே இருக்கும் தகடுகள் மெல்லியவை. அதை அடிவரை இறக்கி இறக்கி ஏற்றினால் சீக்கிரமே படுத்துவிடும்.

அதைவிடப் பெரிய தொல்லை, ராத்திரி முழுக்க ஃபேனும் ஃப்ரிட்ஜும் ஓடிவிட்டுக் காலையில் மேகமலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்பது. அங்கே தள்ளிவிட ஆள் தேடிப் பாருங்கள், தெரியும்.

12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது. அப்புறம் ஏன் இவ்வளவு பயமுறுத்துறீங்க?

ஷாக் அடிக்காது, தீப்பிடிக்கும். பேட்டரியின் பிளஸ் வயர் எங்கேயாவது தகரத்தில் உரசித் தோல் கிழிந்து பாடியைத் தொட்டால், அந்த இடத்தில் ஓடுவது ஆயிரம் ஆம்பியர் கணக்கில். வோல்ட் குறைவு என்பதால் ஆம்பியர் குறையப்போவதில்லை. வயர் சில விநாடிகளில் பழுத்துவிடும், அதைச் சுற்றி நீங்கள் ஆசையாக ஒட்டிய ஃபோமும் பிளைவுட்டும் இருக்கும். வேலைக்கு முன் மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொல்வதும் இதனால்தான்.

எத்தனை ஏஹெச் பேட்டரி வாங்கணும்?

கடைக்காரரிடம் கேட்காதீர்கள், உங்கள் ஒரு நாள் செலவைக் கூட்டிப் பாருங்கள். ஏஹெச் என்றால் ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கியது. 40 லிட்டர் அளவு கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் நம் ஊர் வெயிலில் ஒரு நாளைக்கு 40 முதல் 60 ஏஹெச் வரை தின்னும். 12 வோல்ட் ஃபேன் 2 ஆம்பியர் எடுத்தால் 8 மணி நேரத்துக்கு 16. எல்இடி விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து ஒரு 8. மொத்தம் 75, 80 பக்கம் வரும்.

லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் அதற்கு 150 ஏஹெச் வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் எண்பது, தொண்ணூறு சதவீதம் வரை எடுக்கலாம், 100 ஏஹெச் போதும். விலை அதிகம், ஆனால் எடை பாதிக்கும் கீழே. ஈகோ மாதிரி சின்ன வண்டிக்கு அந்த எடைதான் முக்கியம்.

வீட்டுல பழைய இன்வெர்ட்டர் பேட்டரி சும்மா கிடக்கு. அதை வெச்சுக்கலாமா?

வேலை செய்யும், ஆனால் நான் வைக்க மாட்டேன். 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி ஏறக்குறைய 60 கிலோ, உயரமும் அதிகம், வளைவுகளில் ஆசிட் தளும்பும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியே வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது பற்றக்கூடியது, நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதும் அதே அறையில்தான். அப்படித்தான் வைப்பேன் என்றால் மூடிய பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் மேல்பக்கத்திலிருந்து ஒரு டியூபை வண்டிக்கு வெளியே விட்டே ஆக வேண்டும். சீல் செய்த ஏஜிஎம் (ஆசிட் தளும்பாத லெட் ஆசிட் வகை) வாங்கினால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

எந்த பேட்டரியானாலும் தரையோடு போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். திடீர் பிரேக்கில் அது முன்சீட்டுக்குப் பறந்து வரும்.

ரெண்டு பேட்டரியையும் ஒரு தடி வயரால நேரா சேர்த்துட்டா என்ன?

இன்ஜின் ஓடும்போது ஒன்றும் ஆகாது, இரண்டும் சார்ஜ் ஆகும். வண்டியை நிறுத்தியதும் இரண்டும் சேர்ந்து இறங்கும். முதல் கேள்விக்கே திரும்பி வந்துவிட்டோம். நடுவில் ஏதோ ஒன்று, இன்ஜின் ஓடும்போது மட்டும் சேர்த்து, நின்றதும் பிரிக்க வேண்டும்.

அந்த ‘ஏதோ ஒண்ணு’ விஎஸ்ஆரா, டிசி டு டிசி சார்ஜரா? விலை ரொம்ப வித்தியாசமா இருக்கே.

விஎஸ்ஆர் என்பது வோல்டேஜைப் பார்த்து ஒட்டும் ரிலே. முன் பேட்டரி சுமார் 13.3 வோல்ட் தொட்டதும் ஒட்டும், 12.8 பக்கம் இறங்கினால் விடும். பழைய வண்டி, ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்றும் ஜெனரேட்டர்) எப்போதும் 14 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கிறது, இரண்டாவது பேட்டரியும் லெட் ஆசிட் என்றால் இதுவே தாராளம்.

லித்தியத்துக்கு இது ஒத்துவராது, இரண்டு காரணம். லித்தியம் காலியாக இருக்கும்போது கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும், போதும் என்று சொல்லாது. டிராஃபிக்கில் ஐடிலிங்கில் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் முழு லோடில் ஓடி, காற்றும் கிடைக்காமல் சுட்டுப்போகும். இன்னொன்று, லித்தியம் சும்மா இருக்கும்போதே 13.2, 13.3 வோல்ட் காட்டும். அதனால் இன்ஜினை நிறுத்தினாலும் ரிலே விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும், பிரித்து வைக்கத்தானே அதை வாங்கினோம்.

அப்புறம் பிஎஸ்6 வண்டிகள். பலவற்றில் ஆல்டர்னேட்டரை ஈசியு, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், கட்டுப்படுத்துகிறது. எரிபொருளை மிச்சப்படுத்த நேர்ச் சாலையில் 12.5 பக்கம் இறக்கிவிடும், ஆக்சிலரேட்டரை விட்டதும் 14.8 வரை ஏற்றும். விஎஸ்ஆர் ஒட்டுவதும் விடுவதுமாகக் குழம்பிப்போகும். சிகரெட் லைட்டரில் ஒரு வோல்ட் மீட்டரைச் செருகிக்கொண்டு பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லி ஓட்டுங்கள், உங்கள் வண்டி எந்த ரகம் என்று தெரிந்துவிடும். ஏறி இறங்கினால் டிசி டு டிசிதான், யோசிக்க வேண்டாம். உள்ளே எத்தனை வோல்ட் வந்தாலும் வெளியே பேட்டரிக்கு வேண்டிய 14.4ஐ அது தானே செய்து கொடுக்கும், 30 ஆம்பியர் ரகம் என்றால் பேட்டரிக்கு அதற்கு மேல் கொடுக்கவும் கொடுக்காது.

வயர் எத்தனை ஸ்கொயர் எம்எம் போடணும்? எலக்ட்ரீஷியன் 6 போதும்னு சொல்றார்.

அவர் வீட்டுக் கணக்கில் சொல்கிறார். 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் தொலைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் என்பது பேட்டரி நிரம்புவதற்கும் நிரம்பாததற்கும் உள்ள வித்தியாசம்.

கணக்கு சுலபம்தான். செம்பு வயரின் ரெசிஸ்டன்ஸுக்கு 0.0175 என்ற எண்ணை எடுத்து, மொத்த நீளத்தை மீட்டரில் பெருக்கி, ஸ்கொயர் எம்எம்மால் வகுத்தால் ஓம் வரும், அதை ஆம்பியரால் பெருக்கினால் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று வரும். மொத்த நீளம் என்றால் போக வர இரண்டும். பானெட்டிலிருந்து பின்பக்கம் வரை 5 மீட்டர் என்றால் கணக்கில் 10. வெளியே 30 ஆம்பியர் தரும் டிசி டு டிசி உள்ளே அதைவிட அதிகம் இழுக்கும், 40 என்று வையுங்கள். இப்போது 6 ஸ்கொயர் போட்டால் 1.17 வோல்ட் போகிறது. 10 போட்டால் 0.7, 16 போட்டால் 0.44, 25 போட்டால் 0.28. அந்த 1.17 வோல்ட் காணாமல் போவதில்லை, 47 வாட் சூடாகிறது. ஒரு சால்டரிங் அயர்னைக் கார்ப்பெட்டுக்கு அடியில் நீட்டிப் போட்டு வைத்த மாதிரி. ஆகவே 5 மீட்டருக்கு 30 ஆம்பியர் சார்ஜர் என்றால் 16 ஸ்கொயர். விஎஸ்ஆர் என்றால் கட்டுப்பாடு இல்லாமல் இழுக்கும் என்பதால் 25, முடிந்தால் 35.

வாங்கும்போது நிறைய மெல்லிய இழைகள் கொண்ட ஃப்ளெக்சிபிள் வயராகக் கேளுங்கள். வெல்டிங் கேபிள் கிடைத்தாலும் நல்லது. ஏழே ஏழு கம்பி முறுக்கிய ஹவுஸ் வயரிங் வண்டி அதிர்வுக்கு நாளடைவில் முறியும். கார் ஆடியோ கடைகளில் பளபளவென்று தொங்கும் விலை மலிவான தடி வயர் பெரும்பாலும் அலுமினியத்துக்குச் செம்பு முலாம். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். தோல் மட்டும் தடியாக இருந்து உள்ளே மெலிந்த வயரும் உண்டு, வெட்டிய முனையைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

ஃபியூஸ் ஒண்ணு போட்டாச்சு, போதும்ல?

போதாது. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். சாதாரணமாக ஒரு வயரில் ஒரு பக்கம்தான் கரண்ட் வரும், அந்தப் பக்கம் ஃபியூஸ் போட்டால் முடிந்தது. இந்த வயருக்கு இரண்டு முனையிலும் பேட்டரி. நடுவில் எங்கேயோ பாடியில் உரசினால் முன் பேட்டரி பக்கத்து ஃபியூஸ் போய்விடும், பின் பேட்டரி தன் பக்கத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். நடுவில் டிசி டு டிசி இருந்தாலும் இதே விதி. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே இருக்கும் அந்தச் சாண் வயருக்கு எந்தக் காவலும் கிடையாது என்பதை நினைவில் வைத்து அதற்கு மேலே ஒரு பைப்பையும் மாட்டுங்கள்.

எத்தனை ஆம்பியர் ஃபியூஸ்? ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை, சாதனத்தை அல்ல. வயர் தாங்குவதைவிடக் குறைவாகவும் வழக்கமாக ஓடும் கரண்ட்டைவிட நல்ல கூடுதலாகவும் இருக்க வேண்டும். மேலே சொன்ன 16 ஸ்கொயர், 30 ஆம்பியர் சார்ஜருக்கு 60 ஆம்பியர் மிடி அல்லது ஏஎன்எல் ஃபியூஸ் (இரண்டும் போல்ட் போட்டு மாட்டும் வகை) பொருந்தும். ஃபியூஸ் போகிறது என்று 100 ஆம்பியர் மாட்டாதீர்கள், ஏன் போகிறது என்று தேடுங்கள்.

லித்தியம் என்றால் பேட்டரி பக்கம் கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் கேட்டு வாங்குங்கள். அதன் ஷார்ட் கரண்ட் அவ்வளவு அதிகம், சாதாரண ஃபியூஸ் உருகினாலும் இடைவெளியில் பொறி ஓடிக்கொண்டே இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டு எம்சிபி போடலாமா என்று கேட்பவர்களுக்கு: அது ஏசி கரண்ட்டுக்குச் செய்தது, பேட்டரி தருவது டிசி, வேண்டாம்.

மைனஸுக்கும் தனி வயர் இழுக்கணுமா? பாடி எர்த் இருக்கே?

பாடி எர்த் கொடுக்கலாம், கம்பெனியே அப்படித்தான் செய்கிறது. ஆனால் பெயின்டைச் சுரண்டிப் பளிச்சென்று இரும்பு தெரிந்த பிறகு போல்ட் போட வேண்டும், இறுக்கிய பிறகு மேலே துருப்பிடிக்காமல் கிரீஸோ பெயின்டோ அடிக்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் கை வைக்கக் கூடாது. பழைய வண்டி, அடியில் துரு என்றால் நான் மைனஸுக்கும் அதே தடிமனில் வயர் இழுத்துவிடச் சொல்வேன். துருப்பிடித்த எர்த்தைத் தேடி அலைவதைவிட வயர் மலிவு.

புது வண்டிக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். முன் பேட்டரியின் மைனஸ் கிளாம்ப்பில் சின்னப் பெட்டி போல ஒன்று, மெல்லிய வயரோடு இருந்தால் அது கரண்ட்டை அளக்கும் சென்சார். உங்கள் மைனஸை நேராக பேட்டரி போஸ்ட்டில் மாட்டினால் அதன் கணக்கில் வராமல் போகும், ஈசியு குழம்பும். சென்சாருக்கு அந்தப் பக்கம், சேசிஸில் மாட்டுங்கள்.

வயரை எந்த வழியா பின்னாடி கொண்டு போறது?

முடிந்தால் வண்டிக்குள்ளேயே, கதவுப் படிக்கட்டின் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில். பானெட்டிலிருந்து உள்ளே வர ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள தகரச் சுவர்) ஏற்கெனவே ரப்பர் க்ரோமெட் போட்ட ஓட்டை இருக்கும், அதையே பயன்படுத்துங்கள். புதிதாக ஓட்டை போட்டால் விளிம்பை ராவி, பெயின்ட் தொட்டு, க்ரோமெட் போடாமல் வயரை நுழைக்காதீர்கள். வண்டித் தீயில் பாதி இந்தக் கூரான தகர விளிம்பில்தான் ஆரம்பிக்கும் என்பது என் எண்ணம்.

அடிப்பக்கமாகத்தான் போக வேண்டும் என்றால் சைலன்சரிலிருந்தும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டிலிருந்தும் தள்ளி, டீசல் பைப்போடு சேர்த்துக் கட்டாமல், நெளிவு பைப்புக்குள் விட்டு, ஒன்றரை அடிக்கு ஒரு கிளிப். கேபிள் டையை மட்டும் நம்பினால் வெயிலில் உலர்ந்து ஒவ்வொன்றாக உடையும். எலியை மறக்காதீர்கள், மழைக்காலத்தில் நின்ற வண்டிக்குள் அது குடியேறுவது நமக்குத் தெரியாததா? பயணம் கிளம்பும் முன் டார்ச் அடித்து வயர் முழுவதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

லக்கை சால்டர் வெச்சு ஒட்டிட்டா போதுமே, கிரிம்பிங் டூல் வாங்கணுமா?

லக் என்பது வயர் முனையில் மாட்டும் உலோக வளையம், கிரிம்பிங் என்றால் அதை வயரோடு சேர்த்து அமுக்குவது. சால்டர் வயர் இழைகளுக்குள் ஏறி அந்த இடத்தை விறைப்பாக்கிவிடும், அதிர்வில் அது முடியும் இடத்தில் முறியும். சுத்தியலால் தட்டி நசுக்கினாலும் உள்ளே காற்று இருக்கும், சூடாகும். ஹைட்ராலிக் கிரிம்பர் வாங்க வேண்டியதில்லை. நீளத்தை அளந்துகொண்டு போனால் சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் லக் போட்டு அமுக்கியே கொடுப்பார்கள். அமுக்கிய பிறகு லக்கைப் பிடித்து பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பாருங்கள், ஒரு இழைகூட நகரக் கூடாது. மேலே ஹீட் ஷ்ரிங்க்.

எதை முதல்ல மாட்டணும், எதைக் கடைசியா மாட்டணும்?

முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். பிளஸ்ஸை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டதும் வாணவேடிக்கை. வயர் இழுப்பு, எர்த், சார்ஜர், ஃபியூஸ் ஹோல்டர் எல்லாம் முடியும் வரை ஃபியூஸ்கள் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். பிறகு பின் பேட்டரி, முன் பேட்டரி மைனஸ், மீட்டரில் பிளஸ் மைனஸ் மாறவில்லை என்று பார்த்துவிட்டுக் கடைசியாக ஃபியூஸ்.

சென்னையிலேருந்து திருச்சி போனா ஃபுல் ஆயிடுமா?

330 கிலோமீட்டர், ஐந்தரை மணி நேரம் என்று வைத்தால் 30 ஆம்பியரில் 165 ஏஹெச் வருகிறது. 100 ஏஹெச் லித்தியம் விழுப்புரம் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே நிரம்பிவிடும். லெட் ஆசிட் அப்படி இல்லை, முக்கால்வாசி வரை வேகமாக ஏறிவிட்டு மீதியைச் சொட்டுச் சொட்டாகத்தான் வாங்கும், வயர் எவ்வளவு தடியானாலும். நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு சார்ஜ் செய்வது டீசலுக்கும் கேடு, ஆல்டர்னேட்டருக்கும் கேடு.

இண்டக்‌ஷன் ஸ்டவ் ஓட்டலாமா?

2000 வாட் ஸ்டவ்வுக்கு 12 வோல்ட்டில் 167 ஆம்பியர், இன்வெர்ட்டர் விரயத்தையும் சேர்த்தால் 185 பக்கம். அந்த வயர் பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் 70 ஸ்கொயரில் இருக்க வேண்டும், பேட்டரியும் அந்தக் கரண்ட்டை விடும் ரகமாக இருக்க வேண்டும். ஒரு 100 ஏஹெச் பேட்டரியில் பெரும்பாலும் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்) பாதியிலேயே அணைத்துவிடும். சட்னிக்கு மிக்ஸியை இரண்டு நிமிடம் ஓட்டுவது வேறு, சோறு வடிப்பது வேறு.

சோலார் போட்டதுக்கப்புறம் வண்டி ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் ஃபியூஸ் போகுது. ஏன்?

உங்களிடம் இருப்பது இரண்டு பக்கமும் பார்க்கும் விஎஸ்ஆர். காலையில் வெயில் வந்ததும் சோலார் பின் பேட்டரியை 13.3க்கு மேல் ஏற்றுகிறது, ரிலே ஒட்டிவிடுகிறது. அந்த நேரத்தில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் பின் பேட்டரியிலிருந்தும் இழுக்கிறது, ரிலே விடுவதற்கு முன்பே ஃபியூஸ் போய்விடுகிறது. ஃபியூஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. ரிலேயின் எர்த் வயரில் ஒரு ஸ்விட்ச் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது அணைக்கலாம், அல்லது முன் பக்கம் மட்டும் பார்க்கும் ரகமாக மாற்றலாம்.

என்னுது பெரிய பஸ், 24 வோல்ட். ரெண்டு பேட்டரில ஒண்ணுலேருந்து 12 எடுத்துக்கலாமா?

கூடாது. அந்த ஒன்று மட்டும் இறங்கும், இன்னொன்று ஓவர்சார்ஜ் ஆகி வேகும், கடைசியில் இரண்டும் போகும். 24ஐ வாங்கி 12 பேட்டரிக்கு சார்ஜ் கொடுக்கும் டிசி டு டிசி தனியாகக் கிடைக்கிறது. ஆம்பியர் பாதியாவதால் முன்பக்க வயரும் மெலியும், அது ஒரு லாபம்.

ஆர்டிஓ, இன்ஷூரன்ஸ் பிரச்சினை வருமா?

வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு உண்டு, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகச் சொன்னது. கேரவனுக்கென்று ஏஐஎஸ் 124 என்ற தரநிலையும் இருக்கிறது. படுக்கை, சீட் மாற்றம் எல்லாம் செய்தவர்கள் முதலில் ஆர்டிஓவில் கேட்டுவிடுவது நல்லது. பில், ஃபியூஸ் விவரம், வயரிங் வரைபடம், வேலை நடக்கும்போது எடுத்த போட்டோ எல்லாவற்றையும் வைத்திருங்கள்.

எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன், ஆனா பின் பேட்டரி ஃபுல்லே ஆக மாட்டேங்குது.

வோல்ட்டை பேட்டரியில் அளக்காதீர்கள், வயரில் அளந்து பாருங்கள். இன்ஜின் ஓடட்டும், பின் பேட்டரி ஓரளவு காலியாக இருந்து நன்றாக சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கட்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை முன் பேட்டரியின் பிளஸ்ஸிலும், ஒரு நீள வயர் சேர்த்து மறு முனையை சார்ஜரின் உள்வரும் பிளஸ்ஸிலும் வையுங்கள். வருகிற எண் முழுவதும் நடுவில் தொலைவது. மைனஸ் பக்கமும் இதே மாதிரி. இரண்டும் சேர்ந்து மேலே போட்ட கணக்கைவிடக் கூடுதலாக வந்தால் மீட்டர் முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள்: ஃபியூஸுக்கு முன், பின், லக், எர்த் போல்ட். எங்கே எண் குதிக்கிறதோ அங்கேதான் கோளாறு. அரைமணி ஓடிய பிறகு புறங்கையால் லேசாகத் தொட்டாலும் தெரியும், கெட்ட இணைப்பு மட்டும் சுடும்.

எல்லா இடத்திலும் எண் சரியாக இருந்தால் வயரிங்கை விட்டுவிடுங்கள். சார்ஜரில் பேட்டரி வகை தப்பாக அமைந்திருக்கிறதா என்று பாருங்கள், லித்தியத்தை லெட் ஆசிட் அமைப்பில் விட்டிருப்பவர்கள் நிறைய. லித்தியத்தின் சார்ஜ் அளவை வோல்ட்டை வைத்துச் சொல்ல முடியாது என்பதால், ஷன்ட் (ஓடும் கரண்ட்டை அளக்க மைனஸில் மாட்டும் பட்டை) வைத்த மீட்டர் போட்டிருந்தால் பின் பேட்டரியின் எல்லா மைனஸும் அதன் வழியாகத்தான் போகிறதா என்றும் பாருங்கள். சார்ஜரின் மைனஸ் தப்பித்து நேராக பேட்டரிக்குப் போனால், பேட்டரி நிரம்பியிருந்தாலும் மீட்டர் 80 சதவீதத்திலேயே நிற்கும்.